வரியில்லாத மூன்று நாளும் உன் கால் அளவும்

அன்பு மகனுக்கு,

உன் மகன் ஜோயலுக்கு நீ வாங்கச் சொன்ன துணியை வாங்கப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறேன். காலை மணி பதினொன்றுதான் ஆகிறது. இன்றைக்கு இங்கே டெக்சாஸில் வரியில்லாத சனிக்கிழமை, பள்ளிக்கூடம் திறக்கும் முன் துணிமணிக்கு விற்பனை வரி எடுக்காத மூன்று நாளில் ஒன்று. கடை வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் ஜனங்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒரு பைகூட இல்லாமல் வெளியே வந்து, கிடைத்த நல்ல இடத்திலிருந்து காரை எடுத்த என்னை ஒரு அம்மாள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஹாலிலிருந்தே, "என்ன, ஒண்ணும் கெடைக்கலையா?" என்றார். "எல்லாம் கெடச்சுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன வாரம் நீ மில்பிடாஸிலிருந்து போன் செய்தபோது சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் எதையும் மாற்றிச் சொல்கிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. "அம்மா, எங்க கலிஃபோர்னியாவுல இந்த டேக்ஸ் ஃப்ரீ வீக்கெண்ட் எல்லாம் கெடையாது. நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். ஜோயலுக்கு மூணு வயசு சைஸ், நாலு வயசு சைஸ், அஞ்சு வயசு சைஸ்னு மொத்தமா வாங்கி வெச்சிருங்க. ஊருக்குப் போறப்ப பெட்டியில போட்டு அனுப்பிருவோம்." யார் ஊருக்குப் போகிறது என்று கேட்டேன். "ஜோயல்தான். திருநெல்வேலியில அவங்க அம்மம்மா வீட்டுல ரெண்டு மூணு வருஷம் இருக்கட்டும்மா. அங்கயே ஸ்கூல்ல போட்டுருவோம். இங்க டேகேர்க்குக் குடுக்குறதை மிச்சம் புடிச்சா வீட்டுக்கு டவுன் பேமென்ட் ஆயிரும்." அப்போது நீ, "நானும் அப்படித்தானம்மா வளந்தேன்? நல்லாத்தானே இருக்கேன்?" என்றாய். கடைசியில் சிரித்துக்கொண்டே, "ஷூவும் வேணும். பழைய மாதிரி கால் அளவு வரைஞ்சு அனுப்பட்டுமா?" என்று கேட்டாய்.

போனில் இதைப் பேச என்னால் முடியாது. நான் என்ன சொன்னாலும் நீ "சரிம்மா" என்பாய். உன் தங்கையாக இருந்தால் இந்நேரம் ஆங்கிலத்தில் சண்டை போட்டு, அழுது, மறுபடியும் போன் செய்து முடித்திருப்பாள். அவளுக்கு நான் கடிதம் எழுதவும் முடியாது, தமிழ் வாசிக்கத் தெரியாது. என் இரண்டு பிள்ளைகளில் என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதற்குக் காரணம் நான் உன்னை நாகர்கோவிலில் விட்டுவிட்டு வந்தது. அதையே இப்போது வசதியாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன் பார், எனக்கு எவ்வளவு துணிச்சல்.

கடையில் நடந்தது இதுதான். வழக்கம்போலத் திறந்தவுடனே போய்விட்டேன். மூன்று வயசு அளவில் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டேன். அதே சட்டையில் நாலு, அதே சட்டையில் அஞ்சு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தபோது, அந்த அஞ்சு வயசுச் சட்டைக்குள் இருக்கப் போகிற பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைக்க வரவில்லை. ஜோயலுக்கு இப்போது இரண்டரை வயது. அவன் முகம் தெரியும், அவன் வாழைப்பழத்தைக் கடிக்காமல் நக்கித் தின்பது தெரியும். அஞ்சு வயசு ஜோயலை யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாமல் போகும். நான் அந்த மூன்று சட்டையையும் எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒழுங்காக, அளவு பார்த்து மாட்டினேன். பழக்கதோஷம்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்று நினைப்பாய், ஆனால் நீ கேட்டதில் ஒரு பகுதி பொய். அதைச் சொன்னதும் நான்தான்.

1990இல் நர்ஸ் வேலைக்கு ஒப்பந்தம் போட்டு நான் டெக்சாஸுக்கு வந்தபோது உனக்கு ஐந்து வயது. அப்பா ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தார். எனக்கு ராத்திரி டியூட்டி, எழுத வேண்டிய பரீட்சை, இரண்டு மலையாளி நர்ஸ்களோடு ஒரே அபார்ட்மெண்ட். பிள்ளையை எங்கே வைத்துப் பார்ப்பது என்று எல்லோரும் கேட்டார்கள். என் அக்கா கேட்கவில்லை. உன் பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளை இல்லை. "நீ போய் உன் சோலியைப் பாருட்டி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைப்பது என்ன பழக்கம் என்று நான் கோபப்பட்டேன். ஒரு வருஷம்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை, அப்போது அது உண்மை. அந்த முதல் வருஷத்துக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதற்குப் பிறகு வந்த பத்து வருஷத்துக்குத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் அக்கா ஒரு தாளைத் தரையில் விரித்து, உன்னை அதன் மேல் நிற்கவைத்து, பென்சிலால் உன் காலைச் சுற்றி வரைந்து அனுப்புவாள். ஓரத்தில் இடுப்பு, தோள், கை நீளம் எல்லாம் டேப் வைத்து அளந்து எழுதியிருப்பாள். முதல் மூன்று வருஷம் உன் கால் ஏரோகிராம் கடிதத்தாளுக்குள் அடங்கியது. அப்புறம் நோட்டில் கிழித்த தாளுக்கு வந்தோம். அந்தத் தாளைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப் போய், ஷூவுக்குள் விட்டுப் பார்த்து வாங்குவேன். விற்கிற பெண் சிரிப்பாள். எனக்கு வெட்கமே இருந்ததில்லை. ஊருக்குப் போகிற யாராவது ஒரு குடும்பத்தின் பெட்டியில் அவர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க உன் உடுப்பைத் திணித்துவிடுவேன். வாங்கி அனுப்பிவிட்டால் அந்த வருஷத்துக்கு உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

1998இல் ரிச்சர்ட்சனில் இந்த வீட்டை வாங்கினோம். மாடியில் ஜன்னல் உள்ள அறையை உன் அறை என்று வைத்தோம். அடுத்த வருஷம் உன் விசா பேப்பர் எல்லாம் வந்துவிட்டது, சென்னையில் விசா இன்டர்வியூவுக்குத் தேதி வாங்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதே ஆகஸ்டில்தான் டெக்சாஸில் முதன்முதலாக மூன்று நாள் வரி கிடையாது என்று அறிவித்தார்கள். துணிக்கும் செருப்புக்கும் மட்டும், அதுவும் ஒவ்வொன்றும் நூறு டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். நோட்டு, பென்சிலுக்கெல்லாம் அப்போது கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உனக்கும் உன் தங்கைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த மூன்று நாளிலேயே முடித்துவிடுவது என்று திட்டம் போட்டேன்.

என் தந்திரம் எல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று தெரிய வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போய், வேண்டிய அளவுகளைத் தேடி எடுத்து, ஆகஸ்டில் எவரும் எட்டிப் பார்க்காத மழைக்கோட்டு வரிசைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேரே போய் எடுத்துவிடுவேன். கடையின் தள்ளுபடிக் கூப்பன் தனி, வரி மிச்சம் தனி. நூற்றுச் சொச்சம் போட்டிருக்கிற கோட்டைக் கூப்பனால் நூறுக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் பில் போடச் சொல்வேன். நம் சர்ச்சில் தமிழ்க் குடும்பங்கள் எனக்கு 'டேக்ஸ் ஆன்ட்டி' என்றே பேர் வைத்தார்கள். "ஆன்ட்டி, எந்தக் கடையில சாக்ஸ் சீப்?" என்று டியூட்டி நேரத்தில்கூட போன் வரும். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று எல்லோருக்கும் சொல்லுவேன்.

அந்த 1999 ஆகஸ்டில் உனக்கு எட்டுச் சட்டை, ஐந்து பேண்ட், ஒரு குளிர்கோட்டு, ஷூ எல்லாம் வாங்கி உன் அறை அலமாரியில் மாட்டினேன். மாட்டி முடித்த கையோடு அக்காவுக்குப் போன் செய்து, "இவன் பத்தாங்கிளாஸ் பரீட்சை முடிச்சிட்டு வரட்டும்க்கா" என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "பரீட்சை அங்க இல்லாமயா இருக்கும்? கூட்டிட்டுப் போயிருட்டி. பிள்ளை அம்மைக்க கூட இருக்கட்டும்." நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஒருத்தரும் கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பயமாக இருந்தது, மகனே. போனில் நீ அவளை அம்மா என்றாய், என்னை டெக்சாஸ் அம்மா என்றாய். பதினாலு வயதுப் பையன் ஒருவன் என் வீட்டுக்குள் வந்து, காலையில் எழுந்து, என்னிடம் என்ன பேசுவான்? சட்டை வாங்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று இருந்தது.

2000 ஜூனில் வந்த தாளில் உன் காலைச் சுற்றிய கோடு நேராக இல்லை. குதிகால் பக்கம் அலை அலையாக நடுங்கியிருந்தது, ஒரு இடத்தில் பென்சில் விட்டுப் போய் மறுபடி வரைந்திருந்தது. நீ காலை அசைத்திருப்பாய் என்று நினைத்தேன். அக்காவிடம் போனில், "பையனை ஆடாம நிக்கச் சொல்லக் கூடாதா?" என்று கடிந்துகொண்டேன். அவள் சிரித்தாள். பிறகு, "இந்த வருசமாவது கூட்டிட்டுப் போயேம்ட்டி. எனக்கு முன்ன மாதிரி ஓடியாட முடியல" என்றாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்தால் நேராகக் காலேஜில் சேர்ந்துவிடலாம் என்று நான் பதில் வைத்திருந்தேன். நான் நர்ஸ். கை நடுங்குகிறவர்களுக்குத் தினமும் ஊசி போடுகிறவள். அந்தக் கோட்டின் அளவுக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ ஒன்று வரியில்லாமல் வாங்கி வந்து, அதையும் உன் அலமாரியில் வைத்தேன்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் முற்றிப் போயிருந்தது என்று, வெளியூர் வேலையிலேயே கிடந்த பெரியப்பா 2001 ஏப்ரலில் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். உனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். சொல்லக் கூடாது என்று அவள் உன்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி மாற்றி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்திருக்கிறாய். நான் இங்கே முன்பின் தெரியாதவர்களுக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மே மாதம் அவள் போனாள். அடக்கத்துக்கு வந்தேன், பன்னிரண்டு நாள் இருந்தேன், உன் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினேன். நாங்கள் உன்னைக் கூப்பிட்டதால் நீ அமெரிக்காவுக்கு வரவில்லை. வைத்துப் பார்க்க அங்கே ஆள் இல்லாமல் போனதால் வந்தாய். இதை நீயும் அறிவாய் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை கடைசியில் நீ தனியாக வந்து இறங்கினாய். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "ஸ்தோத்திரம்" என்றாய். சர்ச்சில் பார்க்கிற யாரோ ஒரு ஆன்ட்டிக்குச் சொல்வதுபோலச் சொன்னாய். நானும் பதிலுக்கு ஸ்தோத்திரம் சொல்லித் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அறையைத் திறந்து காட்டினேன். விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத சட்டைகள் அலமாரி நிறையத் தொங்கின. நீ ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தாய். உன் தோளுக்கு அது பாதிகூட வராது. "இது யாருக்க ரூம்? இங்க வேற பையன் இருக்கானா?" என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்வியை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

அப்போது அப்பாவுக்கு வேலை போய் மூன்று மாதம். ரிச்சர்ட்சனில் போன் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. நீ வந்த அதே வாரம் வரியில்லாத சனிக்கிழமை. உன்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். சட்டையும் பேண்ட்டும் எடுத்தோம். ஷூ வரிசைக்கு வந்ததும் நீ நின்றுவிட்டாய். "வீட்டுல இருக்க ஷூவே போதும். போட்டுப் பாத்தேன், சரியா இருக்கு" என்றாய். தங்கைக்கு அப்போது ஏழு வயது. "அண்ணா ஷூ டூ ஸ்மால்மா, ஹி வாக்ஸ் ஃபன்னி" என்று அவள் சொன்னாள். அவளை அதட்டினேன். உன் காலைக் குனிந்து பார்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். கடையிலேயே அளந்து பார்க்கும் பலகை இருந்தது. நான் பார்க்கவில்லை, ஒரு ஷூ மிச்சம் என்று மனசுக்குள் சந்தோஷம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், என் மகன் எவ்வளவு சிக்கனமானவன் பார் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். அத்தனை நாளும் நீ அந்த ஒன்பதாம் நம்பர் ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். டிசம்பரில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒரு வீட்டுக்குப் போனோம். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பாட்டு முடிந்து கேக் கொடுக்கும்போது, அந்த வீட்டு ஆன்ட்டி தன் வெள்ளைக் கார்ப்பெட்டைப் பார்த்துவிட்டு, "ஐயையோ தம்பி, கால்ல என்ன ரத்தம்?" என்று கத்தினாள். நீ காலைப் பின்னால் இழுத்து மறைக்கப் பார்த்தாய். சாக்ஸைக் கழற்றினால், இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, ஒன்று சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்திருந்தது. யாரோ, "நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கா இப்படி?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிகூட என்மேல் எனக்கு அப்போது வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் உன் காலை வைத்து நான் துடைத்தேன். ஐந்து வயதுக்குப் பிறகு உன் காலை அன்றைக்குத்தான் கையில் பிடித்தேன். அதுவரை தாளில்தான் பார்த்திருந்தேன். பத்தரை நம்பர் கால் அது. "ஏன் மக்கா சொல்லல? கடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். நீ, "நீங்க வாங்கி வச்சது. வேண்டாம்னு சொல்லி ஒங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னா நான் எங்க போவேன்? அங்க இப்ப யாரு இருக்கா?" என்றாய். அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாய்.

அதற்கு அப்புறம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "பெரியம்மை சாகுறதுக்கு முன்னாலயே என்ன ஏன் கூப்பிடல?" நான் தலை நிமிராமல், "பெரியம்மாதான் விடமாட்டேன்னா. நீ போயிட்டா அவளுக்கு யாரு இருக்கான்னு அழுதா" என்றேன். உன் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். செத்தவள் வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம். மறுநாள் உன் மேசைமேல் இருந்த அவள் படத்தைக் காணவில்லை. டிராயருக்குள் கவிழ்த்து வைத்திருந்தாய். நான் பார்த்தேன், எடுத்து வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நீ அவளைப் பற்றி வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. உன் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனபோது எல்லோரும் கல்லறைக்குப் போனோம், நீ காரிலேயே உட்கார்ந்திருந்தாய். என் பொய் அந்தக் காருக்குள் உன்னோடு உட்கார்ந்திருந்தது.

அவள் உன்னைப் பிடித்து வைக்கவில்லை, மகனே. இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். தனக்கு நோய் என்று தெரிந்த பிறகும், உதவிக்கு உன்னைத் தவிர ஆள் இல்லாதபோதும் சொன்னாள். தட்டியது நான். ஒரு தடவை பயத்தில் தட்டினேன், இன்னொரு தடவை பழக்கத்தில். பிள்ளை இல்லாமலே வீடு ஓடப் பழகிவிட்டால், கூப்பிடுவதற்கு எப்போதும் ஒரு வருஷம் பாக்கி இருந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருஷம் என்று நீ சொல்கிறாயே, நான் ஒரு வருஷம் என்றுதான் சொன்னேன். பதினோரு வருஷம் ஆயிற்று.

ஜோயலின் அம்மம்மா நல்லவள். அக்காவும் நல்லவள்தான். பார்த்துக்கொள்கிறவர்கள் நல்லவர்களாக இருந்தால் போதும் என்று நினைக்காதே. அவன் அங்கே நன்றாகவே இருப்பான். ஓடுவான், சாப்பிடுவான், போனில் உனக்கு ரைம்ஸ் சொல்லுவான். திரும்பி வரும்போது அவனுக்கு ஏதாவது வலித்தால் உன்னிடம் சொல்ல மாட்டான். மரியாதையாக நடந்துகொள்வான். அதுதான் எனக்குப் பயம். நீ என்னிடம் இன்றைக்கு வரை மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறாய். தங்கை என்னைத் திட்டுவாள், நீ ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தியதில்லை. நல்ல பிள்ளை என்று ஊர் சொல்கிறது. நான் அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வெந்நீர்ப் பாத்திரம் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்பாவிடம் நேற்றுப் பேசினேன். "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே, ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும்லா" என்கிறார். நியாயம் இருக்கிறது. எனக்கும் அப்போது எல்லா நியாயமும் இருந்தது. நான் வெறும் உபதேசம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. எனக்கு மார்ச்சில் ரிட்டயர்மெண்ட். அதுவரை இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை, இந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடலாம். நான் மில்பிடாஸுக்கு வருகிறேன். உங்கள் அபார்ட்மெண்டில் ஹாலில் படுத்துக்கொள்கிறேன், ஜோயலைப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா கொஞ்ச நாள் தானே சமைத்துச் சாப்பிடட்டும், ஆள் இளைத்தால் நல்லதுதான். பிள்ளையை யார் பார்ப்பது என்று யோசித்தபோது உங்கள் இரண்டு பேருக்கும் என் நினைவு வரவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான், எந்த நம்பிக்கையில் உனக்கு என் நினைவு வந்திருக்கும் என்று புரிந்தது. உன்னை வளர்க்காதவளிடம் உன் பிள்ளையைத் தர உனக்குத் தயக்கம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். நான் வேண்டாம் என்றால் வேறு வழி பாருங்கள், வீடு வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். ஆனால் அவனை உன் கண் முன்னால் வைத்துக்கொள். அவன் சட்டை எப்போது குட்டையாகிறது என்று நீ பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், இன்னொருத்தி அளந்து எழுதி நீ தெரிந்துகொள்ளக் கூடாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். 2000 ஜூனில் வந்த உன் கால் அளவு. நோயோடு தரையில் குனிந்து உட்கார்ந்து அக்கா வரைந்த கோடு. நடுங்கியிருக்கிற இடத்தை நீயே பார், நீ அசையவில்லை. இத்தனை வருஷம் இதை என்னிடம் வைத்திருந்தது தப்பு. இது உன் அம்மா கையால் வரைந்தது, உனக்குச் சேர வேண்டியது. டிராயரில் அந்தப் படம் இன்னும் இருந்தால் அதோடு வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு டியூட்டி இல்லை, வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடு. இத்தனை நாள் ஏன் பொய் சொன்னாய் என்று கேள், கத்து, மில்பிடாஸுக்கு நீ வரவே வேண்டாம் என்று சொல். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியா இருக்கும்மா என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா